பெயர் கேட்காத வரிக்காரர்

அக்கா,

உங்கள் கமராவின் தோள்வாரில் இன்னமும் சந்தன மணம் இருக்கிறது. வார் கழுத்தை அறுக்கிறது என்று அம்மாவின் பழைய சேலைத் துண்டைச் சுற்றித் தைத்தீர்களே, அந்தத் துணியில்தான். பிள்ளைகள் பெரியபிள்ளையான எத்தனை சாமத்திய வீடுகளின் சந்தனமும் பன்னீரும் உங்கள் வியர்வையும் அதில் ஊறிக் கிடக்கின்றனவோ தெரியாது. இப்போது அது என் மடியில் இருக்கிறது. அம்மா பக்கத்து அறையில் படுத்திருக்கிறா. நித்திரையோ, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாவோ, சொல்ல முடியாது. பரந்தன் பக்கமிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தால் எழுதுவதை நிறுத்துகிறேன். அது எங்கள் வாசல் படலையைக் கடந்து முல்லைத்தீவுப் பக்கம் போய்த் தேய்ந்த பிறகுதான் அடுத்த வரி.

இந்தக் கமரா இன்று எங்கள் வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டியது. அது ஏன் போகவில்லை என்பதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

வவுனியாவில் ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு நீங்கள் இதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கிய அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஆர் உன்னை இஞ்ச படம் எடுக்கக் கூப்பிடுவினம்?"

"பொம்பிளைப் பிள்ளையளின்ர தாய்மார்" என்றீர்கள்.

அப்படியே நடந்தது. பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றித் தோய வார்க்கும்போதும் சேலை உடுத்தும்போதும் அறைக்குள் ஆண்களை விட யாருக்கும் விருப்பமில்லை. எங்கள் முரசுமோட்டையில் ஒரு பிள்ளை சாமத்தியப்பட்டால் மாமிமாருக்கு அடுத்ததாக உங்களுக்குத்தான் செய்தி வந்தது. நானும் லைட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவேன். நீங்கள் கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோக முன்னர் எதிரில் இருப்பவரின் பெயரைக் கேட்பீர்கள். சின்னப் பிள்ளையானாலும், கிழவரானாலும். பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவீர்கள். அவர்கள் நிமிரும் நொடியில் படம் விழும். "பேரைச் சொன்னாத்தானடி முகம் முகமா வரும்" என்பீர்கள்.

அம்மாவுக்கோ பெயர் என்றாலே பயம். கடை தொடங்க விட்டதே ஒரு நிபந்தனையோடுதான்: "என்னவும் செய். பேர் மட்டும் ஒரு இடத்திலையும் பதியாத."

ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. போர் முடிந்த நாட்களில், பெயரைப் பதிந்துவிட்டால் போகலாம் என்று ஓமந்தைச் சாவடியில் ஆமிக்காரர் சொன்னபோது அப்பா எழுந்து போய்ப் பெயர் கொடுத்தார். நான் கைக்குழந்தை. நீங்கள் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களாம். வரிசைக்குப் போவதற்காக அவர் அதை மெல்ல விடுவித்துக்கொண்டாராம். அவர் திரும்பி வரவில்லை.

அதனால் எங்கள் கடைக்குப் பெயரே இல்லை. படலையில் ஒரு பலகை. அதில் "படம் எடுக்கப்படும்" என்ற எழுத்தும் ஒரு அம்புக்குறியும். "எங்கட வீட்டில துணிவு இருக்கிறது அந்த அம்புக்குறிக்கு மட்டும்தான்" என்று சிரித்தீர்கள்.

ஸ்கூட்டியில் ஒரு அரச உத்தியோகத்தர் கோப்போடு வந்தாவே, ஞாபகம் இருக்கிறதா? அவாவைப் படலையில் கண்டதும் அம்மா பின்திரை நீலத் துணியைக் கழற்றி நெல் மூட்டைகள் மேல் விரித்துவிட்டா.

"இஞ்ச ஸ்டூடியோ நடத்திறது ஆர், அம்மா?"

"ஸ்டூடியோவோ? இஞ்ச நெல்லு மூட்டை மட்டும்தான் இருக்கு."

"வெளியில அம்புக்குறி உங்கட வீட்டைத்தானே காட்டுது?"

"அது காத்துக்குத் திரும்பினது, பிள்ளை."

குசினிக் கதவுக்குப் பின்னால் நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினீர்கள். அவா போகும்போது, "பேரைப் பதிஞ்சு வைச்சால் உங்களுக்குத்தான் நல்லம் அம்மா. விரும்பினால் பிரதேச செயலகக் கந்தோருக்கு வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனா. அம்மா அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

எனக்கும் பயம். கடை வைத்தால் வற் என்ற பெறுமதி சேர் வரி கட்டவேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தேன். கட்டாததற்குத்தான் தேடி வருகிறார்களோ என்று கேட்டேன். உங்கள் வவுனியா முதலாளி பெரிய கடைக்காரர். அந்த விவரமெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தது.

"எடி விசரி, வருஷ விற்பனை அரசாங்கம் வைச்ச எல்லையைத் தாண்டினாத்தான் வற்றுக்குப் பதியோணும். பதியாத கடை சனத்திட்ட வற் எண்டு ஒரு சதமும் வாங்கவும் ஏலாது. எங்கட கடை அந்த எல்லையைத் தாண்டோணும் எண்டால் கிளிநொச்சியில நாளுக்கொரு தெருவே சாமத்தியப்படோணும்!"

நான் சிரித்து முடிக்க முன்னர் உங்கள் முகம் மாறியது. "ஆனால் கடைப் பேரைப் பதியத்தான் வேணும். வருமான வரிக்கெண்டு ஒரு இலக்கமும் எடுக்கோணும். அம்மாவுக்கு மெல்ல மெல்லச் சொல்லுவம்" என்றீர்கள்.

மெல்ல மெல்லச் சொல்ல உங்களுக்குக் காலம் கிடைக்கவில்லை. அந்த மாரிக் காய்ச்சலில் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் நடந்து வரவில்லை.

அதன் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் படம் எடுக்கிறேன். பெரும்பாலும் பிள்ளைகளின் அடையாள அட்டைப் படங்கள். அம்மா அச்சடித்து வெட்டுவா. அப்படி ஒரு மத்தியானம்தான் அந்த ஆள் வந்தார். தேய்த்த சட்டை, நேரான வகிடு, கழுத்தில் தொங்கும் அட்டை. அந்த அட்டையின் முகப்பு எப்போதும் அவருடைய நெஞ்சுப் பக்கமே திரும்பியிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருமுறைகூட அது புரளவில்லை.

"பயப்பிடாதேங்கோ அம்மா. புதுசாத் தொடங்கின படக் கடையள் எல்லாம் வற் கட்டோணும். நீங்கள் கட்டாமல் நடத்தியிருக்கிறியள்."

அம்மாவின் குரல் கீழே போய்விட்டது. "பேர் குடுக்கோணுமோ, தம்பி?"

"சேச்சே, பேரொண்டும் வேண்டாம். பேர் எழுதினாத்தானே கரைச்சல்? காசை மட்டும் தாங்கோ, நான் உள்ளுக்க சரிக்கட்டிறன்."

அம்மா தேத்தண்ணி வைக்க எழுந்து ஓடினா. உங்கள் ஆண்டுத் திவசத்துக்கென்று வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தா. பற்றுச்சீட்டு கேட்கவில்லை; பற்றுச்சீட்டில் பெயர் இருக்குமே. அவர் போன பிறகு, "நல்ல பெடியன். எங்கட நிலை விளங்கினவன்" என்றா. பெயர் கேட்டு வந்தவாவை நெல் மூட்டை காட்டி அனுப்பிய அம்மா, பெயர் கேட்காத ஒருவரைக் கதிரை போட்டு இருத்தினா.

நீங்கள் சொன்னதை நான் சொன்னேன். "அக்கா சொன்ன காலத்துச் சட்டம் இப்ப இல்லையாம். எல்லையைக் குறைச்சுப் போட்டாங்களாம்" என்றா அம்மா. எல்லையைக் குறைத்தது உண்மைதான். நானும் செய்தியில் கேட்டிருக்கிறேன். குறைத்த பிறகும் எங்கள் கடை அதன் கிட்டவும் போகாது என்பதை அந்த ஆள் சொல்லவில்லை. உண்மையின் பாதியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மிச்சத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம். நீங்கள் இல்லை என்று அவருக்குச் சொன்னது யார்? எங்கள் அம்மா பெயருக்குப் பயந்தவ என்று காட்டிக்கொடுத்தது யார்? படம் எடுக்க வருகிறவர்களின் கண்ணைப் பார்த்துக்கொண்டே கமராவைப் பிடித்தேன். படங்களெல்லாம் கெட்டுப்போயின.

அடுத்த முறை அவர் வந்தபோது படலையிலேயே மறித்தேன். "அண்ணை, எந்தப் பேரில கட்டினம் எண்டு எழுதித் தாங்கோவன்."

அவர் சிரித்தார். "படிக்கிற பிள்ளையோ? எந்தப் பள்ளிக்கூடம்?" பிறகு என் வெள்ளைச் சட்டையில் தொங்கிய கழுத்துப்பட்டியின் நிறத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தின் பெயரை அவரே சொன்னார். சரியாகச் சொன்னார். "உன்ர பேர் என்ன?"

அம்மாவிடம் ஒருநாளும் கேட்காததை என்னிடம் கேட்டார். நான் படலையை விட்டு விலகினேன்.

அன்று உள்ளே போய், பழைய வருடங்களுக்கும் வற் நிலுவை இருக்கிறது என்றார். காசில்லை என்று அம்மா அழுதபோது, "இந்தக் கமராவை எடுக்க எனக்குத் தெரிஞ்ச ஒராள் இருக்கிறார்" என்றார். வரிக்கு வந்தவருக்குக் கமரா வாங்கும் ஆளை எப்படித் தெரியும் என்று யோசிக்காமல் அம்மா ஓம் என்றா. நான் யோசித்தேன். இரவெல்லாம் அதையே யோசித்தேன்.

இன்று எடுத்துக்கொண்டு போக வந்தார். தலையிடி என்று சொல்லிவிட்டு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. மேசையில் இருந்த பையில் அவர் கை வைக்க முன்னர் நான் கமராவைத் தூக்கி வாரைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

"கடைசியா ஒரு படம் எடுத்திட்டுத் தாறன், அண்ணை. உங்கட பேர் என்ன?"

"என்னத்துக்கு?"

"பேர் கேக்காமல் இஞ்ச படம் எடுக்கிறேல்லை. அக்காவின்ர பழக்கம்."

அவர் ஹெல்மெட்டை முகத்துக்கு நேரே கொண்டு போனார். நான் அழுத்திவிட்டேன். "அழி அதை!" என்று கத்திக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். குசினி வாசலில் அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றா. என்னைத்தான் ஏசப்போகிறா என்று நினைத்தேன்.

"சொல்லுங்கோவன் தம்பி, பேர்தானே" என்றா அம்மா.

"என்னம்மா, நீங்களுமோ?"

"பேர் குடுத்தால் என்ன நடக்கும் எண்டு நான் கண்டனான். எனக்குப் பயம். அரசாங்கத்தில இருந்து வந்த உங்களுக்கு என்ன பயம்?"

கழுத்து அட்டையைக் கையால் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார். மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகு என்னைப் பார்த்து, "பள்ளிக்கூடம் எது எண்டு தெரியும்தானே" என்றார். அதுதான் இன்னும் காதுக்குள் நிற்கிறது. அதனால்தான் ஒவ்வொரு சத்தத்துக்கும் பேனை நிற்கிறது.

அவருக்கு வைத்த தேத்தண்ணியை அம்மா படியில் இருந்து தானே குடித்தா. குடித்து முடித்துவிட்டுச் சொன்னா, "விடிய கந்தோருக்குப் போவம். அந்தப் படத்தையும் கொண்டு வா. அந்த ஸ்கூட்டிப் பிள்ளை என்னைக் கண்டால் நெல்லு மூட்டை எண்டு சிரிக்கப் போகுது."

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தா. "கடைக்கு ஒரு பேர் கேப்பினம், என்ன?"

"ஓம்."

"என்ன சொல்லுறது?"

நான் உங்கள் பெயரைச் சொன்னேன். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் யாரும் அதைச் சத்தமாகச் சொன்னதில்லை. அம்மா அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தா. பிறகு வெளியே சொன்னா, உங்களைச் சாப்பிடக் கூப்பிடுவது போல.

அந்தக் கந்தோரும் எங்களை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. முழுதாக நம்பவில்லை. நம்பாமலேயே போகப் போகிறேன். அவருடைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்கு மேலே நெற்றியும் கண்களும் தெளிவாக இருக்கின்றன. ஆனால் நீங்கள் சொன்னது சரி. பெயரைச் சொல்லாத அந்த முகம் முகமாக வரவில்லை.

இந்தத் தாளை யாராவது எடுத்துவிடக் கூடும் என்பதால் இதில் உங்கள் பெயரையும் எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. விடிந்ததும் கந்தோரில் உங்களுடைய பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுவேன். பிழையாக எழுதினால் திருத்தச் சொல்லுவேன். கேட்டால் என்னுடையதையும் சொல்லுவேன்.

எழுதுகிறவரிடம் முதலில் அவருடைய பெயரைக் கேட்டுவிட்டு.