அப்பா கழற்றாத கையுறை

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்பார். அதனால் இதைப் படம் எடுத்து உனக்கு இன்றே அனுப்பச் சொல்லித் தையல்கார அக்காவிடம் கொடுக்கிறேன்.

நம் ஆடு வெள்ளைக்காதிக்குக் காதுக்குக் கீழே எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. கால்நடை மருத்துவரைக் கூப்பிடலாம் என்றேன், அப்பா கேட்டால்தானே. முள்ளு குத்தியிருக்கும், இதுக்குப் போயி டாக்டரா என்று சவர பிளேடால் பட்டிக்குள்ளேயே கீறி வெறுங்கையால் பிதுக்கினார். பற்பசை மாதிரி கெட்டியான சீழ், தொட்டியெல்லாம் வைக்கோலெல்லாம் சிந்தியது. மறுநாள் வந்த மருத்துவரம்மா, ஐயா, ஒண்ணைக் காப்பாத்தப் போய் மத்ததுக்கெல்லாம் பந்தி வெச்சிட்டீங்களே என்றார். அந்தச் சீழில்தான் நோயே இருக்குமாம், மண்ணில் மாதக்கணக்கில் சாகாதாம். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். ஆட்டைத் தனியாகக் கட்டி, வைக்கோலை எரித்து, தொட்டியை மருந்தூற்றிக் கழுவினோம். தினமும் காலையில் ஒவ்வொரு ஆட்டுக்கும் தாடைக்கடியில், தோளுக்கு முன்னால் கட்டி ஏதும் வந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன்.

அதுகூடப் போகட்டும். கிளம்பும்போது மருத்துவரம்மா, அபூர்வமா மனுஷங்களுக்கும் இது வரும், கையில காயம் ஏதும் இல்லையே என்று கேட்டார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இல்லவே இல்லைம்மா என்றார். கட்டி கீறுவதற்கு முதல்நாள்தான் வேலிக்கம்பி அவர் கட்டைவிரலைக் கிழித்தது, நான்தான் துணி சுற்றினேன். வேற்றாள் முன்னால் அவரைப் பொய்யராக்க எனக்கு வாய் வரவில்லை. அன்று மருத்துவரம்மா கொடுத்த கையுறையை அப்பா கழற்றுவதே இல்லை, டீ குடிப்பதும் அதோடுதான். என்னண்ணே, ஆபரேஷன் இருக்கா என்று பால்காரர் கிண்டல் செய்கிறார். மருத்துவரம்மாவோ, எல்லாரும் உங்கள மாதிரி கவனமா இருந்தா என் வேலை பாதி குறையும் என்று மெச்சுகிறார். நேற்று சட்டை மாட்டக் கையைத் தூக்கிய அப்பா ஆ என்றார். என்ன என்றேன், வயசாகுதில்ல என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவோரமாகப் பார்த்தேன். ஆடுகளை நான் தடவுகிற மாதிரியே தன் அக்குளைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம்தான் பாப்பா.

என் பேச்சு எடுபடாது, உன் பேச்சைத் தட்டமாட்டார். உடனே வீடியோவில் கூப்பிடு. நான் எழுதியதாகச் சொல்லாதே, ஆட்டைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டு, கையுறையைக் கழற்றச் சொல். கழற்றிவிட்டால் போதும், ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப் போய்விடுவேன், ஆட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டது. வேளைக்குச் சாப்பிடு. இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். வலது கை, கட்டைவிரல், ஞாபகம் வைத்துக்கொள். இடது கையை நீட்டினால் விடாதே.

உன் அம்மா