சீல் உடைக்காத டின்

10.10.2005, திங்கள்

மழை. ரயில் எட்டு நிமிடம் பிந்தியது. மத்தியானம் மற்றவர்கள் கன்ரீனுக்குப் போக, நான் வழக்கம் போல லாப்பிலேயே, சோதனைக்கூட மேசையில் இருந்து சாப்பிட்டேன். முன்பெல்லாம் கூப்பிடுவார்கள். நான்தான் வரவில்லை வரவில்லை என்று சொல்லிச் சொல்லி, அவர்களும் விட்டுவிட்டார்கள்.

சோதிக்கப் புதிதாக ஒரு கிரீஸ் மாதிரி வந்திருக்கிறது. தகட்டுக்குப் பூச்சு அடிக்கும் தொழிற்சாலை. உலர்த்தும் அடுப்பின் விசிறியில் பேரிங் இறுகிப் புகைந்து, மூன்று நாள் வேலை நின்றதாம். பேரிங்கில் இருந்த கிரீஸ் என்ன என்று கேட்கிறார்கள்.

12.10, புதன்

சூடு தாங்கும் பொலியூரியா கிரீஸ் இருக்க வேண்டிய இடம். அகச்சிவப்புக் கருவி வரைந்த கோட்டில் பொலியூரியாவுக்குரிய உச்சியே இல்லை. லிதியத்தின் இரட்டை உச்சி மட்டும், கத்தி மாதிரி. சாதாரண லிதியம் கிரீஸ். அந்தச் சூட்டில் உருகி ஓடியிருக்கும். மூன்று தரம் பார்த்தேன், மூன்று தரமும் அதுவே.

அறிக்கை எழுதிக் கையெழுத்து வைத்தேன். தெளிவான வேலை.

15.10, சனி

கோயிலில் பழகிய பாலாம்பிகை தொலைபேசியில் எடுத்தாள். கிழமைக்கு ஒருக்கா என்னைத் தேடி எடுக்கிற ஒரே ஆள். அழுதாள்.

"இவரை வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள் அக்கா. விசிறிக்குப் பிழையான கிரீஸ் போட்டவராம். இவர் டின்னைப் பாத்துத்தான் போட்டவர். நீங்கள் இதுகளைப் பாக்கிற ஆள்தானே, எங்கையாவது சோதிப்பிக்க ஏலுமோ?"

அவள் புருஷன் சோதிலிங்கம் அந்தத் தொழிற்சாலையில்தான் ஃபிட்டர். அந்த ஆள் இவர்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? கோப்பில் பெயர் இல்லை, 'பராமரிப்புப் பணியாளர்' என்று மட்டும்தான் இருந்தது. நான்தான் சோதிச்சனான் என்று சொல்ல வாய் வரவில்லை. "பாப்பம்" என்றேன். வேறென்ன சொல்ல?

16.10, ஞாயிறு

பேரிங்கில் இருந்ததைச் சோதித்தேன். டின்னில் இருந்ததை? ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த மனுஷன் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அது ரசாயனம் இல்லையே.

17.10, திங்கள்

டொக்டர் ரெயிண்டர்ஸிடம் போய்ச் சொன்னேன், குடும்பத்தைத் தெரியும் என்பதை முதலில், டின்னைப் பற்றிப் பிறகு. லாப்பின் தலைவர் அவர்.

"டின்னைக் கேட்டிருக்க வேண்டும். நானும் யோசிக்கவில்லை," என்றார். "தொழிற்சாலைக்கு எழுதுகிறேன். ஆனால் இனி இது உன் பக்கத்து மேசைக் கோலர் அம்மாவின் வேலை. நீ தொடக்கூடாது. காப்புறுதி வழக்கு முடியுமட்டும் அந்தக் குடும்பத்தோடு ஒரு சொல்லும் கூடாது. நீ அவர்களுக்குப் பழக்கம் என்று கிரீஸ் விற்றவனின் வக்கீல் பிடித்தால், நல்ல முடிவு வந்தாலும் செல்லாது."

சரி என்றேன். சரிதான்.

22.10, சனி

தொலைபேசி இரண்டு தரம் அடித்தது. எடுக்கவில்லை. பக்கத்திலேயே இருந்தேன்.

1.11, செவ்வாய்

தீபாவளி. இங்கே புனிதர் நாள் விடுமுறை என்பதால் கோயிலில் நல்ல சனம். பாலாம்பிகை நேரே வந்தாள். தொழிலாளர் சங்க ஆள் அறிக்கையின் பிரதி கொடுத்திருக்கிறார்.

"அதில உங்கட கையெழுத்து இருக்கு அக்கா."

கையிலிருந்த அர்ச்சனைத் தட்டைப் பார்த்தேன்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே. நான் உங்களிட்டையே அழுதனான்."

வாயைத் திறந்தால் அவளுக்குத்தான் கேடு. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மற்றப் பக்க வரிசைக்குப் போய்விட்டாள். அர்ச்சனை செய்யாமலே வந்துவிட்டேன்.

5.11, சனி

இன்று தொலைபேசி அடிக்கவில்லை.

9.11, புதன்

தொழிற்சாலைக் களஞ்சியத்தில் இருந்து அதே தொகுதியின் இரண்டு டின்கள், சீல் உடைக்காதவை. கோலர் அம்மா அளந்தார். நான் என் மேசையை விட்டு எழும்பவில்லை. பிறகு அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

இரட்டை உச்சி. இரண்டு டின்னிலும்.

லேபிளில் பொலியூரியா, உள்ளே லிதியம். விற்ற இடத்திலேயே மாறி நிரப்பியிருக்கிறார்கள். சோதிலிங்கம் டின்னைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வீட்டுக்கு வந்து யாருக்குச் சொல்ல? இங்கே எழுதுகிறேன்.

25.11, வெள்ளி

சோதிலிங்கத்தைத் திரும்ப வேலைக்கு எடுத்துவிட்டார்களாம், மன்னிப்புக் கடிதத்தோடு. விற்ற கொம்பனி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. காப்புறுதி வழக்கு ஒரு வருடமாவது போகும் என்கிறார் ரெயிண்டர்ஸ். அதுவரை நான் வாய் திறக்கக் கூடாது.

14.12, புதன்

கோலர் அம்மாவின் பெயருக்கு ஒரு பெட்டி வந்தது. இரண்டாவது அறிக்கையில் அவர் கையெழுத்துத்தானே. பாலாம்பிகையின் மகளின் எழுத்தில் ஜெர்மனில் ஒரு கடிதம்: "உங்களால் அப்பா திரும்பவும் வேலைக்குப் போகிறார். அம்மா செய்தது."

கோலர் அம்மா வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது உனக்கு வரவேண்டியது."

"வழக்கு முடியட்டும்," என்றேன்.

"இதற்கு என்ன பெயர்?"

"பயத்தம் உருண்டை. வறுத்த பயறு, சர்க்கரை, தேங்காய்."

பெட்டியை மேசை நடுவில் வைத்து, கதிரையை இழுத்து என்னையும் இருத்தினார். எல்லாரும் ஒவ்வொன்று எடுத்தார்கள். பல்லில் ஒட்டுகிறது என்றார் ரெயிண்டர்ஸ். நானும் ஒன்று எடுத்தேன்.

பாலாம்பிகை எப்பவும் ஏலக்காய் கூடத்தான் போடுவாள். இந்த முறையும் கூடத்தான்.