நீலமாக எரிந்த குச்சி

மதினி,

முந்தாநாள் பேத்தியின் புது வீட்டில் தச்சர் நிலைக்கதவுக்குப் பாலிஷ் அடித்துக்கொண்டிருந்தார். அந்த வாடை ஏறியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். "ஆச்சிக்கு பாலிஷ் ஒத்துக்கிடல போல" என்று பேத்தி ஜன்னலைத் திறந்துவிட்டாள். அவள் நர்ஸ். எங்கள் வம்சத்தில் வெள்ளை உடுப்பு போட்ட முதல் பெண். எல்லாவற்றுக்கும் அவளிடம் மருந்து உண்டு. இந்த வாடைக்கு மட்டும் கிடையாது.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நீங்கள் அந்த வாசலையும் மிதிக்காதவர். ஆகவே என் எழுத்துப் பிழை உங்களுக்குத் தெரியாது. பொய் சொன்னால் தெரிந்துவிடும்.

மதுவிலக்கு வந்து கடைகளை மூடியதும் குடி வீடுகளுக்குள் புகுந்துகொண்டது. நம் ஊரில் அது புகுந்தது உங்கள் வீட்டில். முன்கட்டில் நாங்கள் நாலு பெண்கள் தீப்பெட்டி ஒட்டுவோம். பின்கட்டில் சாராயம். மயில்துத்தம் போட்டுக் கிண்டிய பசை புளித்துக் கிளம்பும் நாற்றத்துக்குள் சாராய வாடை ஒளிந்துகொள்ளும். சோதனைக்கு வரும் போலீஸ்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார். "உள்ள வாங்கய்யா, சும்மா நிக்கிறதுக்கு ஒரு குரோஸ் பெட்டி, நூத்தி நாப்பத்தி நாலுதான், ஒட்டிக் குடுத்துட்டுப் போங்க" என்பீர்கள். அவர் போய்விடுவார்.

டீக்கடையில் சிலருக்குக் கண்ணாடி தம்ளரும் சிலருக்குச் சிரட்டையுமாக இருந்த காலம் அது. உங்கள் பின்கட்டில் எல்லோருக்கும் ஒரே அலுமினியத் தம்ளர். தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளைக்கும் அதுதான், செருப்புத் தைக்கிறவருக்கும் அதுதான். ஒருநாள் கணக்கப்பிள்ளை தம்ளரின் விளிம்பை வேட்டியால் துடைத்தார். நீங்கள் அதைப் பிடுங்கிச் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து, ஒரு மடக்குக் குடிக்கவைத்து, மிச்சத்தைக் கணக்கப்பிள்ளையிடமே நீட்டினீர்கள்.

"இப்பக் குடிங்க. இல்லேன்னா டீக்கடைக்குப் போங்க. அங்கன ஒங்க சாதி பத்திரமா இருக்கும், தாகந்தான் தீராது."

கண்ணில் நீர் முட்ட அவர் குடித்தார். பின்கட்டே சிரித்தது. செருப்புத் தைக்கிறவர் மட்டும் சிரிக்கவில்லை. அவரையும்தான் நீங்கள் கூட்டத்துக்கு வேடிக்கையாக நிறுத்தியிருந்தீர்கள். அதை நீங்கள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டீர்கள்.

அந்த வீட்டுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. புதுச் சரக்கு வந்தால் முதல் தம்ளரை அண்ணாச்சி, உங்கள் வீட்டுக்காரர், எல்லோர் முன்னாலும் குடிக்க வேண்டும். அதற்கும் முன்னால் குச்சி வைத்துப் பார்க்க வேண்டும். வேறு ஊர்களில் நாக்கில் தொட்டுப் பார்ப்பார்களாம். நெருப்பில் பிழைக்கும் நம் ஊருக்கு நாக்கைவிட நெருப்பின் மேல்தான் நம்பிக்கை. மருந்து முக்காத வெறும் குச்சியைச் சாராயத்தில் தோய்த்துப் பற்றவைப்போம். சடசடத்து அணைந்தால் தண்ணீர் கலந்தது. நீலமாக நின்று எரிந்தால் நல்ல சரக்கு.

அந்தக் குச்சியைப் பற்றவைப்பது நான். ஆபீஸில் ஒவ்வொரு லோடிலும் குச்சி கிழித்துப் பார்த்து, தேறும் தேறாது என்று சொல்ல மேஸ்திரி என்னைத்தான் கூப்பிடுவார். "இவ கண்ணு தப்பாது" என்று அவர் சொன்னதை நான் தலையில் பூவாகவே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஆடி மாதக் கடைசி வெள்ளி. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு பாதையெங்கும் போலீஸ். வழக்கமான சரக்கு வரவில்லை. மத்தியானம் முன்பின் தெரியாத ஒருவன் ஒரு தகர டின்னைக் கொண்டுவந்து இறக்கினான். நீங்கள் மூடியைத் திறந்து குனிந்தீர்கள்.

"வாடை சரியில்லட்டி. கதவுக்கு அடிக்கிற பாலிஷ் கணக்கா வருது. வேண்டாம், திருப்பி அனுப்பிருவோம்."

நான் குச்சியைத் தோய்த்துப் பற்றவைத்தேன். அப்படியொரு நீலத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"மூக்க நம்பாதீக மதினி. நீலமா நிக்குது பாருங்க. நல்லா எரியுது."

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"என் கண்ணு என்னைக்குத் தப்பியிருக்கு?"

அண்ணாச்சி முதல் தம்ளரைக் குடித்து, மீசையைத் துடைத்து, "சாமிக்குப் படைக்கலாம்" என்றார். பிறகு மற்றவர்கள் குடித்தார்கள்.

மறுநாள் வெயில் முற்றத்துக்கு வந்த பிறகும் அண்ணாச்சி பாயில் உட்கார்ந்து, "ஏன் இன்னும் விடியல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். கணக்கப்பிள்ளை போனார். செருப்புத் தைக்கிறவர் போனார். ஒரே தம்ளரில் குடித்தவர்களை வேறு வேறு சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"சரக்கைப் பாத்து நல்லதுன்னு சொன்னது யாரு?" என்று போலீஸ் கேட்டது. நான் ஆறு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ரொம்ப நேரம் பார்த்தீர்கள்.

"நாந்தான். என் வீடு, என் கண்ணு."

உங்களை ஏற்றிக்கொண்டு வண்டி போனதும் தெருப்பெண்கள் சாணியைக் கரைத்து உங்கள் கதவில் ஊற்றினார்கள். முதல் குடம் என்னுடையது. பின்னால் நின்றால் சந்தேகம் வரும் என்று நினைத்தேன்.

ஜெயிலுக்கு ஒரே ஒரு தடவை வந்தேன். கம்பியைப் பிடித்து அழுதேன். "என்னையும் பிள்ளையையும் காப்பாத்திட்டீக மதினி" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். கணக்கப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

"காப்பாத்துனேனா? ஏட்டி, இங்கன வந்தா ஒனக்கு ரெண்டு வருசத்துல தீந்து போகும். வெளிய கெடந்து இதச் சொமட்டி."

அது கோபத்தில் வந்த பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் திரும்பி வந்து, அதே வீட்டில் தனியாகப் பெட்டி ஒட்ட உட்கார்ந்த முதல் நாள் வரைக்கும். அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் காடா விளக்கோடு என் வாசலில் வந்து நின்றீர்கள்.

"ஒரு குச்சி கிழிச்சுக் குடுட்டி."

என் வீட்டுக்காரர் அப்பாவி. "பெட்டி ஒட்டுறவகளுக்குத் தீப்பெட்டி இல்லாமலா போச்சு?" என்று சிரித்தார்.

"பெட்டி கெடக்கு தம்பி, குரோஸ் குரோஸா. எரியுறதப் பாத்துச் சொல்ல ஆளு இல்ல."

நான் குச்சியைக் கிழித்து உங்கள் திரியில் வைத்தேன். நீங்கள் நகரவில்லை. "எப்படி எரியுது?" என்று கேட்டீர்கள். நான் சொல்கிற வரைக்கும் நின்றீர்கள்.

"நல்லா எரியுது மதினி."

மறுநாளும் வந்தீர்கள். மழையிலும் முக்காடு போட்டுக்கொண்டு வந்தீர்கள். நான் அடுத்த பிள்ளையைப் பெற்றுத் தீட்டோடு படுத்திருந்தபோதும் நடைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டீர்கள். இடுப்பில் இருந்த அந்தப் பிள்ளை வளர்ந்து வாழ்க்கைப்பட்டுப் போகிற வரைக்கும் ஒரு நாள் தவறவில்லை. ஊர் அதைப் பார்த்து, "என்ன இருந்தாலும் ரெண்டு பேரும் ஒத்துமை" என்றது. காய்ச்சலில் நீங்கள் கிடந்த கடைசிச் சாயங்காலம் நானே வந்து உங்கள் விளக்கை ஏற்றினேன். நீங்கள் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னேன். காதில் விழுந்ததா என்று தெரியாது.

இன்று காலை புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். மூத்தவள் என்று என் கையில் தீப்பெட்டியைக் கொடுத்தாள் பேத்தி. கேஸ் அடுப்பு குப்பென்று பிடித்து நீலமாக நின்றது. "நல்லா எரியுதா ஆச்சி?" என்றாள். சம்பந்தி வீட்டார் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் பால் பாத்திரத்தைத் தூக்கி அந்த நீலத்தின் மேல் வைத்தேன்.

விருந்து முடிந்ததும் அவளைத் தனியே கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். ஒரு சொல் மறைக்கவில்லை. இவ்வளவு காலத்தில் முதல் தடவை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விஷச் சாராயமும் நீலமாத்தான் எரியும் ஆச்சி. ஒங்களுக்கு எப்படித் தெரியும்? இதுல ஒங்க தப்பு எதுவும் இல்ல."

எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. இத்தனை வருசம் சுமந்ததை ஒரு மாத்திரையைக் கொடுத்து இறக்கி வைத்துவிடலாம் என்று பார்க்கிறாள்.

"என் கண்ணுக்குத் தெரியாது தாயி. மதினி மூக்குக்குத் தெரிஞ்சுது. அதத்தான் நான் பேசவிடல" என்றேன். அவள் என் கையை விட்டுவிட்டாள்.

சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், மதினி. இப்போது விளக்கு வைக்கிற நேரம். இந்தப் புது வீட்டில் சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம். என் கையில் ஒரு குச்சி இருக்கிறது. வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.