வாசலில் இறுகிப்போன படிக்கோலம்

ஸ்ரீரங்கம்
வெள்ளிக்கிழமை மத்தியானம்

அன்புள்ள ப்ரியாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. பெருமாள் கிருபையில் அப்பா, தம்பி பிரஹலாத், நான் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அடிலெய்டில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், நீயும் பிரான்சியும் இருமல் ஜலதோஷம் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வைகாசி வெயில் ஆளைச் சுருட்டுகிறது. போனில் சொல்லலாம், ஆனால் அப்பா எங்கே இருந்தாலும் காதில் விழுந்துவிடும். அதனால் சாத்தமுதுப் பொடி பார்சலோடு இதையும் வைத்து அனுப்புகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வாசல் தெளித்துப் படிக்கோலம் போட்டேன். தினமும் செய்வதுதானே, இதில் எழுத என்ன இருக்கிறது என்பாய். இருக்கிறது, பொறுமையாகப் படி. மாவு விரலிடுக்கில் சரியாக இறங்கவில்லை, முகப்பவுடர் மாதிரி வழுவழுவென்று ஒட்டிக்கொண்டது. பிரஹலாத் புதிதாக வாங்கிப் போட்டிருக்கிறான், கடைக்காரன் ஏதோ மட்டமான மாவைக் கட்டிவிட்டான் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமையாச்சே என்று இரட்டை இழையாக இழுத்து, காவியும் இட்டுவிட்டு, டிகாக்‌ஷன் இறக்க உள்ளே போய்விட்டேன். விஷயம் என்னவென்றால் அது கோலமாவே இல்லை. ப்ளாஸ்டர் ஆஃப் பாரிஸ்.

அது நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். போன மாதம் எங்கள் ஸ்கூல் ஷஹனாஸ் டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அவர்கள் குழந்தைகளின் கைகளை ப்ளாஸ்டரில் வார்த்து, கறுப்புத் துணி ஒட்டிய பலகையில் பதித்து மாட்டியிருந்தார்கள். சுவரே நம்மை வா என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. எனக்கும் ஆசை வந்துவிட்டது. செய்வது பெரிய வித்தை இல்லை. மைதாவில் உப்பு போட்டுக் கெட்டியாகப் பிசைந்து தட்டில் பரப்பி, கையை அமுக்கி எடுத்தால் பள்ளம் விழுகிறது. அதில் ப்ளாஸ்டரைத் தோசை மாவு பதத்தில் கரைத்து ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் சூடேறி இறுகிவிடுகிறது. மைதாவை உரித்தால் உள்ளே கை. அப்பா முதலில், “கை உசிரோட இருக்கறச்சே பொம்மைக் கை எதுக்குடி” என்று கேலி பண்ணினார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே வந்து உட்கார்ந்து, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அமுக்கினார். பிரஹலாத் தன்னுடையதற்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டான், என்னுடையதும் அப்பாவுடையதும் வெள்ளையாகவே இருக்கின்றன.

என் கையைச் சுவரில் பார்த்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை ப்ரியா. இத்தனை வருஷமும் அந்தக் கையால்தான் கரும்பலகையில் எழுதினேன், அடுப்படியில் தளிகை பண்ணினேன், உனக்குத் தலை பின்னினேன். ஆனால் எட்ட நின்று அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இவ்வளவு அகலமா, இவ்வளவு பிடிவாதமா என்று இருந்தது. அப்பாவின் கை மட்டும் பார்த்தவுடன் தெரிந்தது, ஏனென்றால் அது உன் கை. அதே குட்டைக் கட்டைவிரல். சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். நீயும் பிரான்சியும் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து உன் பெயர் வந்தால் அவர் பேப்பரைப் பிரித்துக்கொள்கிறார், நீ போன் பண்ணினால் கொல்லைப்பக்கம் போய்விடுகிறார், உனக்குத் தெரியாததா. பிரான்சியின் அப்பா அம்மா இதோ பொன்மலையில்தான் இருக்கிறார்கள், இன்னும் இரண்டு குடும்பமும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. டிசம்பரில் அவர்கள் கொடுத்தனுப்பிய கேக்கை அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, முட்டை இருக்குமோ என்று நானும் தொடவில்லை, பிரஹலாத் ஒண்டியாகத் தின்று தீர்த்தான்.

இப்போது கோலத்துக்கு வருகிறேன். ப்ளாஸ்டர் பை கிழிந்து சிந்துகிறதே என்று அப்பா அதை ஒரு டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறார். அவருடைய ஒழுங்கு உனக்குத்தான் தெரியுமே. வாசக்கதவுக்குப் பின்னால் கோலமாவு டப்பா காலியாக இருந்ததாம், பார்த்தாராம், கொட்டினாராம். தெளித்த ஈரத்தில் அது கோலமாகவே இறுகிவிட்டது. எதிர்வீட்டு வேதா மாமிதான் முதலில் கண்டுபிடித்தாள். “ஏண்டி பாமா, பால் வண்டி ஏறி எறங்கியும் ஒன் கோலம் கலையலையே, என்ன மாவுடி இது, எனக்கும் ஒரு கிலோ வாங்கிக் குடு” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். துடைப்பத்துக்கு அசையவில்லை, தண்ணீருக்கும் அசையவில்லை. சிரித்துவிட்டுப் போகலாம் என்றால் புதன்கிழமை உன் தாத்தாவின் திதி, அன்று வாசலில் கோலம் இருக்கக்கூடாது. தப்பு தன்னுடையது என்று தெரிந்ததும் அப்பா பழைய தோசைத்திருப்பியை எடுத்துக்கொண்டு, வேஷ்டியை மடித்துக்கட்டி, வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

காலை நேரத் தெரு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்றார்கள். பூக்கார நல்லுசாமி, “என்னா சாமி, அம்மா போட்ட கோலத்த நீங்க சொரண்டுறீங்க, வீட்ல ஏதும் சண்டையா?” என்றார். அது கோலமில்லை, ப்ளாஸ்டர் என்று அப்பா சொல்லப்போக, வேதா மாமி பதறிக்கொண்டு வந்து யாருக்குக் கை முறிந்தது என்று கேட்க, அவர் கைகள் வார்த்த கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. யார் யார் கை என்று மாமி கேட்டாள். என்னோடது, பாமாவோடது, பிரஹலாதோடது என்றார். மாமிக்குத் தெரியாத விஷயமா, இருந்தாலும் அந்த வாய் சும்மா இருக்குமா. “அப்போ பொண்ணோடது?” என்று கேட்டேவிட்டாள். நான் காப்பியோடு கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சுரண்டுகிற சத்தம் நின்றது. பேச்சை மாற்றுவார், இல்லை எழுந்து உள்ளே வந்துவிடுவார் என்று நினைத்தேன். “ப்ரியாவோடது அங்கேர்ந்து வரணும் மாமி. ரெண்டு பேரோடதும்” என்றார். சாதாரணமாக, தபால் வரவேண்டும் என்பது மாதிரி. உடனே மறுபடி சுரண்ட ஆரம்பித்துவிட்டார்.

நான் வெளியே போகவில்லை. காப்பி ஆறிப்போய் மறுபடி சுடவைத்துக் கொடுத்தேன். அதைப்பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் அப்படிச் சொல்லவேயில்லை என்றுவிடுவார். நீயும் இதைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் போன் பண்ணிவிடாதே. அவராக மனசு மாறி வருவார், கொஞ்ச நாளாகும். அதற்குள் நீங்கள் இரண்டு பேரும் கைகளை வார்த்து வையுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடு. மீந்த ப்ளாஸ்டரைச் சிங்க்கில் கொட்டாதே, குழாய் அடைத்துக்கொள்ளும், காகிதத்தில் கொட்டிக் காய்ந்ததும் குப்பையில் போடு. நன்றாக உலருமுன் பெயிண்ட் வேண்டாம். பிரான்சிக்குக் கை பெரிசு, தட்டும் பெரிசாக எடு. தபாலில் அனுப்பாதே, உடைந்துவிடும், வரும்போது கொண்டுவந்தால் போதும்.

பிரஹலாத் செமஸ்டர் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறான், படித்த மாதிரி தெரியவில்லை, ஆனால் முகத்தில் கவலையும் இல்லை. பொடியைக் காற்றுப்படாமல் மூடி வை, ஈரக்கரண்டி போடாதே. வேலை வேலை என்று ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பெருமாள் தீர்க்காயுசும் நிறைந்த மனசும் கொடுக்கட்டும்.

இன்னும் யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச்சிலிருந்து திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்து, மைதாவைப் பிசைந்து எடுத்துக்கொண்டு நான் பொன்மலைக்குப் போகப்போகிறேன். பிரான்சியின் அம்மாவிடமும் அப்பாவிடமும் கைகளைக் கேட்டு வாங்கி வருவேன். அவர்கள் கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். அப்பாவிடம் முன்கூட்டி அனுமதி கேட்கப்போவதில்லை. வந்து சொல்வேன். இது உன் கைக்கு வரும்போது நான் போய் வந்திருப்பேன்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா
சத்யபாமா