வெள்ளைக்காரன் விட்டுப்போன மிஷின்

மஞ்சூர்

அன்புள்ள தங்கமணிக்கு,

நான் நலம். பாப்பாவுக்குச் சளி விட்டதா?

எழுத்து கோணலாக இருக்கும்; இடது கையால் எழுதுகிறேன். பயப்படாதே. தேயிலை உருட்டும் மிஷினில் சிக்கி, வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. வெள்ளைக்காரன் காலத்து மிஷின் அது. மாற்றச் சொல்லிப் பலமுறை கேட்டோம். “ஆளு சல்லிசாக் கெடைக்கறப்போ புது மிஷின் எதுக்குப்பா?” என்றார் மேனேஜர். வெள்ளைக்காரனும் அப்படியேதான் சொன்னானாம். இப்போது குன்னூர் ஏலத்தில் அந்த மிஷினால் தரம் கெட்ட எங்கள் தூளை யாரும் கேட்பதில்லை. எங்கள் கூலியைக் குறைத்தும் ஃபேக்டரி பிழைக்கவில்லை. இந்த மாதத்தோடு மூடுகிறார்கள்.

தையல் பிரித்ததும் வருவேன். அதுவரை குளிருக்குத் தலைவழியே மாட்டும் ஸ்வெட்டர் ஒன்று அனுப்பு. பொத்தான் வைத்தது வேண்டாம்.

தபால்காரர் காத்திருக்கிறார். என்னைக் கண்டதும் பாப்பா கையைப் பிடிக்க ஓடி வருவாள். இடது பக்கம் வரச் சொல்லிப் பழக்கு.

உன்
மாரப்பன்