ரெண்டே பேருதான் சார்

டாக்டர் சார்,

இன்று காலை பெரம்பலூரில் ஆதார் திருத்தும் இடத்தில் என் மானம் போயிற்று. சுவரில் டிவி மாதிரி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். டோக்கன் நம்பரை அதுவே கூப்பிடுகிறது. என் கையில் பதினெட்டு. அது "பதினேழு" என்றது. யாரும் எழவில்லை. எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை, விருட்டென்று எழுந்து, "பதினேழு ஏ யாருங்க? செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க. பி ரெடியா இருங்க!" என்று கத்திவிட்டேன். இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற செக்யூரிட்டி, "பெருசு, வூட்ல சொல்லிட்டுதான் வந்தீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உங்கள் கிளினிக் வாசலில் ஸ்டூல் போட்டு டோக்கன் கொடுத்த பத்தொன்பது வருஷம் அவ்வளவு சுலபமாக என்னை விட்டுப் போகாது போலிருக்கிறது.

பதினேழு ஏ எப்படிப் பிறந்தது என்று உங்களிடம் நான் சொன்னதே இல்லை. "நாப்பதுக்கு மேல ஒரு டோக்கன் குடுக்காதய்யா" என்று நீங்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தீர்கள். நானும் கண்டிப்பானவன்தான், நாற்பத்தொன்று என்று ஒரு நாளும் எழுதியதில்லை. ஒருநாள் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் தன் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். "அண்ணே, நாளைக்கு எனக்கு ஃபிளைட்டுண்ணே. வாப்பாவ இன்னைக்கே காட்டிடணும்ணே" என்றார். நாற்பதும் தீர்ந்திருந்தது. பதினேழாம் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு 'ஏ' போட்டேன். அன்றைக்கு எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது. அடுத்த வாரம் பாடாலூர்க்காரருக்கு ஒரு 'பி'. அப்புறம் சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள். சில நாள் பதினேழே எஃப் வரைக்கும் போகும். பத்தாம் வகுப்பில் மூன்று தடவை எழுதியும் வராத இங்கிலீஷ், உங்கள் வாசலில்தான் எனக்குச் சரளமாக வந்தது.

உள்ளேயிருந்து மணியடிப்பீர்கள். தலையை நீட்டுவேன்.

"இன்னும் எத்தனை பேருய்யா?"

"ரெண்டே பேருதான் சார்."

"ஒன்னோட ரெண்டுல ஒரு பஸ் கூட்டமே நிக்கும்யா" என்பீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வீர்கள். நானும் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்துவேன். மூன்றரை மணிக்குக் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே தயிர்ச்சாதம் சாப்பிடுவீர்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்று ஒருமுறை சொன்னீர்கள். அதையும் நான் வெளியே வந்து பெருமையாகச் சொன்னேன்: "எங்க சார் நின்னுக்கிட்டேதான் சாப்புடுவாரு, தெரியுமா?" என்று. டோக்கன் வாங்க வந்தவர்கள் உச் கொட்டிவிட்டு, "எனக்கு என்ன நம்பருண்ணே?" என்பார்கள்.

கடைசி ஒன்றிரண்டு வருஷம் ஒன்பது மணிக்கே உங்கள் கார் வந்து கொட்டகையில் நின்றுவிடும். நீங்கள் இறங்க மாட்டீர்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கில் கைவைத்தபடி பத்து நிமிஷம், சில நாள் கால்மணி நேரம். "சார் சாமி கும்புடுறாரு, சத்தம் போடாதீங்க" என்று கூட்டத்தை அடக்குவேன். சில நாள் போனில் பேசுகிறார் என்பேன். ஒருநாள் உங்கள் போன் உள்ளே மேஜை மேல் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் காருக்குள் இருந்தீர்கள். போனை எடுத்துக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினேன். நீங்கள் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே சார், என்னை யாரென்றே தெரியாத பார்வை. அப்புறம் இறங்கி, "போலாம்யா" என்றீர்கள். நானும் "முதல் டோக்கன் வாங்க" என்றேன். அதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

இதை எழுதும்போது இரண்டு தடவை எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். என் மகள் தேன்மொழி டூட்டிக்குப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நாளைக் காலைக்கு முன்னால் வரமாட்டாள் என்பதும் தெரியும். இருந்தாலும் கால் நிற்க மாட்டேன் என்கிறது.

ஆமாம் சார், தேன்மொழி டாக்டராகிவிட்டாள். அரியலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. தினமும் சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் போய் வருகிறாள். அவள் பிளஸ் டூ படிக்கும்போது உங்களிடம் வந்து, "என் பொண்ணையும் உங்கள மாதிரி ஆக்கணும் சார்" என்றேன். நீங்கள் பேனாவை மூடிவிட்டு, "நல்லா யோசிச்சியாய்யா?" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. டோக்கன் கொடுக்கிறவன் மகளுக்கு டாக்டர் ஆசையா என்று கேட்டதாக நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் நீங்களாகவே அவளுக்கு ஒரு மூட்டைப் புத்தகம் கொடுத்தனுப்பினீர்கள். அந்தக் கேள்விக்கு வேறு அர்த்தம் இருந்திருக்கும் என்று எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் உறைக்கிறது. அவ்வளவு வேகமான மூளை எனக்கு.

அவள் பரீட்சை எழுதி ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரத்தில்தான் நீங்கள் போனீர்கள். கிளினிக் மூடியிருக்கும் ஒரே நாளான ஞாயிற்றுக்கிழமையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. சாவு வீட்டிலும் நான் சும்மா இருக்கவில்லை; மாலை போட வந்தவர்களை "தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க" என்று வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். "கடைசி வரைக்கும் முடியாதுன்னு சொல்லாத மனுஷன்" என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரையும்விட அதிகமாகத் தலையாட்டியவன் நான்.

போன வாரம் ஒருநாள் வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. முப்பது மணி நேர டூட்டி முடிந்து அவள் வருகிறாள் என்று தெரியும். சத்தம் நின்று வெகுநேரமாகியும் ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தேன். தலையில் ஹெல்மெட்டோடு, ஹேண்டில்பாரில் கைவைத்தபடி, வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த உட்காரல் எனக்குத் தெரியும் சார். எங்கே பார்த்தேன் என்றும் தெரியும்.

ஆனால் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். வீட்டுக்குள் அரும்பாவூரிலிருந்து என் மச்சினனும் அவன் சம்பந்தியும் ஸ்கேன் கவரோடு காத்திருந்தார்கள். நான்தான் வரச்சொல்லியிருந்தேன். அவள் உள்ளே கால் வைத்ததும் என் வாய் தானாகச் சொன்னது: "ரெண்டே பேருதாம்மா."

கைகழுவிவிட்டு வந்து இருவரையும் பார்த்தாள். கழற்றாத ஷூவோடு, சிரித்துக்கூடப் பேசினாள். மச்சினன் போகும்போது, "ஒன் பொண்ணு தங்கம் மாமா" என்றான். எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவன் என்ன செய்வான், வரச்சொன்னவன் நான்.

இன்று ஆதார் வேலை முடிந்து வந்தபோது அவள் டூட்டிக்குக் கிளம்பி, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு தாளை நீட்டினாள். இங்கிலீஷில் இருந்தது. 'ரெஸ்ட்' என்ற ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது.

"ரெண்டு மாசம் லீவு கேட்டு எழுதியிருக்கேன்பா. இன்னைக்குக் குடுக்கலாமா வேணாமான்னு தெரியல."

"ஒடம்புக்கு என்னம்மா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லப்பா. ஒரு கொழந்தைக்கு மருந்து எழுதிட்டு, அளவு சரியா எழுதினமான்னு நாலு தடவ திரும்பிப் போயிப் பாக்கறேன். படுத்தா தூக்கம் வரல. யாராச்சும் அழுதா முன்னெல்லாம் என்னமோ பண்ணும். இப்ப ஒண்ணுமே பண்ணல. அதான் பயமா இருக்கு."

அவள் மெதுவாகக் கேட்டாள்: "டாக்டர் சாருகிட்ட அத்தன வருஷம் இருந்தியேப்பா. அவரு எப்படிப்பா சமாளிச்சாரு?"

எப்போதும் ஊரில் சொல்கிற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, அதையே சொன்னேன். "அவருக்கென்னம்மா, சிங்கம் மாதிரி! ஒருநாள் மொகம் சுளிச்சதில்ல. முடியாதுங்கிற வார்த்தையே அவருகிட்ட கெடையாது."

தாளை வாங்கி நான்காக மடித்துப் பைக்குள் போட்டாள். "சரிப்பா, அப்ப நானும் இருந்து பாக்கறேன்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். வாசல் கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணினாள். "மெதுவாப் போம்மா, லாரி வரும்" என்றேன். சொல்ல வேண்டியது அது இல்லை. அவள் முனை திரும்புகிறவரைக்கும் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன், சார்:

அவரு சமாளிக்கலம்மா.