ஆடிக் காற்றில் சாயம் பூசிய லாரி

மதினி,

எதிர்வீட்டு ஜன்னல்களுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து அந்த எண்ணெய் வாசனை நம் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. உன் மருமகள் கதவைச் சாத்தப் போனாள், வேண்டாம் என்றேன். உன் காரியம் முடிந்து இருபது நாளாகிறது. எல்லோரும் அழுதார்கள், எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. இன்றைக்கு இந்த வாசனைக்கு வந்துவிட்டது.

இதே வாசனை முன்பு நம் வாசலில் அடித்த வருஷம், அப்போதுதான் யுத்தம் முடிந்திருந்தது. மேகமலை எஸ்டேட்டில் டிரைவராக இருந்த அண்ணனுக்கு, சீமைக்குத் திரும்பிய துரை ஒரு பழைய சின்ன லாரியைக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் வேலையை விட்டுவிட்டு, இன்ஜினைச் சரிபண்ணி, அதைச் சின்னமனூருக்கு இறக்கிக்கொண்டு வந்தார். முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். பின்னால் திறந்த தட்டு. எலி கடித்த சீட்டிலிருந்து நார் தொங்கியது. கதவுகளில் துரு. வாடகை பேச வந்த ஏலக்காய் வியாபாரி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தக் கோலத்துல எஞ் சரக்க ஏத்த மாட்டேன். ஆவணி பொறக்குறதுக்குள்ள வண்டிய வண்டியாக்கி வைங்க. இல்லாட்டி வேற ஆளு பாத்துக்கிருவேன்."

அந்த வாரமே அண்ணன் மலைக்காய்ச்சலில் படுத்துவிட்டார்.

நான் தாலியிழந்து அண்ணன் வீட்டுக்கு வந்து அப்போது இரண்டு வருஷம். அடுப்படியே எனக்கு ஊராகியிருந்தது. மாமன் மகளாக என்னோடு சேர்ந்து வளர்ந்த உன்னிடம்கூடப் பேச்சைக் குறைத்திருந்தேன். ஒரு நாள் நீ அடுப்படி வாசலில் வந்து நின்றாய்.

"ஏத்தா, எந்திரி. ஒங்கண்ணன் கட்டில்ல கெடந்தாலும் வாய் நல்லாத்தான இருக்கு? அவுக சொல்லச் சொல்ல நம்ம செய்வோம்."

உப்புத்தாள் வைத்து நான்கு நாள் துருவைத் தேய்த்தோம். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. கடையில் கிடைத்தது ஒரே நிறம், பச்சை. ஒரு பகல் முழுக்கப் பூசிவிட்டு நிமிர்ந்தால் ஆடிக் காற்று கிளம்பியிருந்தது. மறுநாள் பார்த்தபோது கதவு பூராவும் மண்ணும் உமியும் ஒட்டி, லாரி சொறி பிடித்த எருமை மாதிரி நின்றது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு காற்றைத் திட்டினாய். பிறகு அத்தனையையும் சுரண்டினோம். நான்கு கம்பு நட்டு, நம் பழைய சேலைகளை நனைத்துச் சுற்றிக் கட்டினாய். அந்த ஈரத் திரைக்குள் நின்று இரண்டாம் தடவை பூசினோம். இந்தத் தடவை சாயம் கண்ணாடி மாதிரி பிடித்தது.

சீட்டு என் பொறுப்பு. அடியில் தேங்காய் நார், மேலே போடியிலிருந்து வந்த இலவம்பஞ்சு, அதற்கு மேல் பட்டாளத்துக் கூடாரக் கித்தான். தையல் மெஷின் ஊசி ஒடிந்துபோக, கோணி ஊசியில் மெழுகு நூல் கோத்துக் கையால் தைத்தேன். மூன்றாம் நாள் நீ ஏறி உட்கார்ந்து பார்த்தாய். தையல் ஒரு முழத்துக்குப் பிரிந்துகொண்டு போனது. என் முகம் போன போக்கைப் பார்த்து நீ சட்டென்று சொன்னாய்:

"விடுத்தா. நூலுதான அத்துச்சு, தாலியா அத்துச்சு?"

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாய். உன் கண் நிறைந்துவிட்டது. எனக்கோ, எங்கிருந்தோ சிரிப்பு வந்தது.

"அது அத்து ரெண்டு வருசமாச்சு மதினி. இத மட்டுமாச்சும் ஒழுங்காத் தைப்போம்" என்றேன்.

இருவரும் பஞ்சுக்கு நடுவே விழுந்து சிரித்தோம். கட்டிலிலிருந்து அண்ணன், "என்னத்தா அங்கன சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உன்னிடம் சொன்னதில்லை, என் வீட்டுக்காரர் போன பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை. இளைத்துப் போயிருந்தாலும் அண்ணன் எழுந்துவிட்டார். வண்டியை வீரபாண்டிக் கோயிலுக்கு ஓட்டிவிட்டு, அப்படியே சரக்கு ஏற்றப் போவதாக ஏற்பாடு. நீ என் கையைப் பிடித்து முன் சீட்டுக்கு இழுத்தாய். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பெரியம்மா குறுக்கே வந்தார்.

"மொத மொதல்ல ஓடுற வண்டி. இவ பின்னால ஒரு நாளைக்கி ஏறிக்கிரட்டும்."

நான் கையை உருவிக்கொண்டேன். நீ விடவில்லை.

"சீட்டத் தச்சது இவ கைதான், பெரியம்மா. தச்ச கை ஆகும், உக்காந்தா ஆகாதாக்கும்? இவ ஏறலைன்னா நானும் ஏறல. வண்டி இங்கனயே நிக்கட்டும்."

பெரியம்மா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுற்றி வந்து, இடது பக்கக் கதவைத் தன் கையால் திறந்துவிட்டார். நடுவில் நீ, கதவோரம் நான். முல்லையாற்று ஓரத்து நெல்வயலையும் வெயிலையும் இரண்டு வருஷத்துக்குப் பிறகு கண் கூசக் கூசப் பார்த்தேன். அன்று சாயங்காலமே வியாபாரி சரக்கை ஏற்றினார். ஆறு வருஷம் அந்த லாரிதான் நம் எல்லோருக்கும் சோறு போட்டது. அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் என்னைப் பின்கட்டில் நிற்க நீ விட்டதில்லை.

தை மாதம் உன் பேத்திக்குக் கல்யாணம். நீ இல்லை, முன்னால் நின்று யார் நடத்துவது என்று நேற்றுப் பேச்சு வந்தது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. "நான் நிப்பேன்" என்றேன். உன் மகன்தான் மெல்லச் சொன்னான்:

"அத்தை, ஆத்தா பேசுன மாதிரியே இருக்கு."